சரிவில் ஒரு சிறு குடில்: மண்ணை வெட்டுவதா, தூணில் நிறுத்துவதா?

கொடைக்கானல் கீழ்மலையிலோ கோத்தகிரிப் பக்கமோ பத்து சென்ட் இடம் வாங்கி, சின்னதாக ஒரு குடில் போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "மண் வீடா, மர வீடா?" என்றுதான். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. நிலம் எவ்வளவு சரிகிறது, மழைத் தண்ணீர் அதில் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, வீடு தரையில் எப்படி உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடிவானால் சுவரும் கூரையும் பாதி தானாகவே தீர்ந்துவிடும். மண் சுவர் கனமானது, அதற்கு அடியில் கல்லும் தரையும் வேண்டும். தூணில் நிற்கும் வீட்டுக்கு எடை ஆகாது. சுவரை முதலில் ஆசைப்பட்டுத் தேர்ந்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி மலையை வெட்டுவதில்தான் முக்கால்வாசித் தொல்லைகள் தொடங்குகின்றன.

ஒப்பிட வசதியாக ஒரே வீட்டை வைத்துக்கொள்வோம்: 12 அடிக்கு 20 அடி, 240 சதுர அடி. ஒரு அறை, சமையல் மூலை, குளியலறை. சரிவு 1-க்கு 4, அதாவது நான்கு அடி நடந்தால் ஒரு அடி இறங்குகிறது. 20 அடி நீளம் சரிவுக்குக் குறுக்கே, மலையின் சமமட்டக் கோட்டோடு ஓடுகிறது. வீட்டை அப்படியே திருப்பிப் போட்டு 20 அடியைச் சரிவின் போக்கில் வைத்தால் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 3 அடியிலிருந்து 5 அடியாகிவிடும். காட்சி நன்றாக இருக்கும் என்று சொல்லி இப்படித் திருப்பச் சொல்லும் வரைபடங்கள் நிறைய வருகின்றன. ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 அடி நேரான ஹாலோ பைப், ஒரு ரசமட்டம், ஒரு டேப். பைப்பின் ஒரு முனையை மேல்பக்கத் தரையில் வைத்து, மட்டம் வரும்வரை மறுமுனையைத் தூக்கி, அங்கிருந்து தரைவரை அளக்க வேண்டும். 2.5 அடி வந்தால் 1-க்கு 4. வீடு வரப்போகும் இடத்தில் மூன்று நான்கு கோடுகளில் அளந்து பாருங்கள், ஒன்றுபோல் இருக்காது. கூடவே கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. மரங்களின் அடித்தண்டு வில்போல் வளைந்து பிறகு நேராகப் போயிருந்தால் அந்த மேல்மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். வேலிக் கல்தூண்கள் எல்லாம் கீழ்ப்பக்கமே சாய்ந்திருந்தாலும் அப்படியே. பெரணியும் கோரையும் ஒரே வரிசையில் பச்சையாக நின்றால் அது தண்ணீர் இறங்கும் தடம். ஏப்ரலில் காய்ந்து கிடக்கும்போது இடத்தைப் பார்த்து முன்பணம் கொடுப்பவர்களுக்கு இது எதுவும் தெரிவதில்லை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கும் பெருமழை அக்டோபர், நவம்பரில். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட். அந்த மாதத்தில் குடையோடு ஒருமுறை போய் நின்று பார்ப்பது எந்த மண் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல.

வெட்டித் தளம் போடுவது

எல்லாரும் பழகிய வழி. பொக்லைன் வந்து ஒரே நாளில் சமமாக்கிவிட்டுப் போகும். நம் 12 அடி வீட்டுக்குப் பின்னால் 3 அடி இடைவெளி, முன்னால் 2 அடி நடைபாதை வேண்டும், ஆக 17 அடி ஆழத் தளம். 1-க்கு 4 சரிவில் பின்பக்கம் வெட்டின் உயரம் 4.25 அடி. பக்கவாட்டில் இருபுறமும் 3 அடி சேர்த்தால் நீளம் 26 அடி. தோண்டும் மண் சுமார் 940 கன அடி, அதாவது 9.4 யூனிட். தோண்டிய மண் பொலபொலத்துப் பருக்கும்போது கிட்டத்தட்ட 12 யூனிட் ஆகும். அஸ்திவார வானம், அதாவது சுவருக்கு அடியில் தோண்டும் பள்ளம், இதில் சேரவில்லை.

இந்த 12 யூனிட்டை எங்கே போடுவது? வழக்கமாக நடப்பது, கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவது. வேர் பிடிக்காத மண் முதல் பெருமழையில் கூழாகி இறங்கும். கீழே இருப்பவரின் காப்பித் தோட்டமோ ஓடையோ அதை வாங்கிக்கொள்ளும். இன்னொரு வழக்கம், பாதி வெட்டி அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டித் தளத்தை அகலப்படுத்துவது. வெட்டும் செலவு பாதியாகும். ஆனால் வீட்டின் பின்பாதி இறுகிய பழைய மண்ணில், முன்பாதி கொட்டிய மண்ணில். இரண்டும் ஒன்றுபோல் அமுங்காது. ஓரிரு மழைக்காலத்துக்குள் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விழும், சிமெண்ட் வைத்து அடைத்தாலும் அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி திறக்கும். கொட்டிய மண்ணில் நடைபாதை போடலாம், பூச்செடி வைக்கலாம். சுவர் நிற்கக் கூடாது.

வெட்டிய முகத்துக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். 4.25 அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு என்றால் அடியில் 2 அடி, மேலே 15 அங்குலம் அகலம், தரைக்குக் கீழே இன்னும் ஒரு அடி. 26 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 2.2 யூனிட் கல் போகும். மேற்சரிவில் ஏற்கெனவே கட்டடமோ சாலையோ இருந்தாலும், வெட்டு 5 அடியைத் தாண்டினாலும் இந்தக் கைக்கணக்கு போதாது, கட்டுமானப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும்.

சுவர் விழுவதற்குக் காரணம் அதிகமும் மண்ணின் எடை மட்டும் இல்லை. பின்னால் தேங்கும் தண்ணீர் தள்ளுவதுதான். எனவே சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி, 4 முதல் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துளை, அது வெளிப்பக்கம் சற்றே சாய்ந்தபடி. துளை வைத்துவிட்டு ஜல்லி போடாமல் விட்டால் களிமண் ஒரே மழையில் குழாயை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் துளை இருக்கும், தண்ணீர் வராது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போகாமல், ஜல்லி விழும் நாளன்று கூடவே நில்லுங்கள்.

தடுப்புச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விட்ட அந்த 3 அடியைச் சேமிக்கலாம் என்று தோன்றும். சேமித்தால் பின்சுவர் காலமெல்லாம் ஈரம். ஆள் இறங்கிச் சருகு வாரவும் காய்ந்த காற்று புகவும் அந்த அகலம் தேவை. அடியில் கால்வாய், 100 அடிக்கு ஒரு அடி வாட்டம்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவை வெட்டியதும், தண்ணீர் இறங்கும் வழியை அடைத்ததும் அதில் பெரும்பங்கு வகித்தன. ஒரு சிறு குடில் மலையைச் சாய்த்துவிடாதுதான். ஆனால் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ஆளுக்கு நான்கு அடி வெட்டும்போது சரிவின் கால் ஒவ்வொன்றாகப் போகிறது. நீலகிரி, பழனி இரண்டு மலைகளிலும் மண் அள்ளும் இயந்திரத்துக்குத் தனி அனுமதி தேவைப்படுவது இதனால்தான்.

தூணில் நிறுத்துவது

அதே வீட்டைத் தூணில் வைத்தால் மூன்று வரிசைக்கு மூன்றாக ஒன்பது தூண். ஒவ்வொன்றுக்கும் 2.5 அடி சதுரம், 3 அடி ஆழக் குழி. மொத்தம் 169 கன அடி, 1.7 யூனிட். இவ்வளவுதான் தோண்டுவது. இரண்டு ஆட்கள் மண்வெட்டி, கடப்பாரையோடு முடித்துவிடலாம். நடுவே தடித்த வேர் வந்தால் தூணை அரை அடி நகர்த்திக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் தன் வழியில் போகும், புல் பிழைக்கும்.

குழியின் ஆழத்தை மேல்விளிம்பிலிருந்து அளக்கும் தவறு எங்கும் நடக்கிறது. சரிவில் கீழ்விளிம்பிலிருந்து 3 அடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அஸ்திவாரத்தின் கீழ்ப்பக்கம் மண்ணே இல்லாமல் நிற்கும். கறுத்த மேல்மண்ணைத் தாண்டி, செம்மண்ணில் கடப்பாரை ஓசை மாறும் இடம் வரை போக வேண்டும். 3 அடியில் அது வராவிட்டால் இன்னும் தோண்டுங்கள்.

பின்வரிசைத் தூண் தரைக்கு மேல் 1.5 அடி, முன்வரிசை 4.5 அடி. காற்று தள்ளும்போது விறைப்பான குட்டைத் தூண்கள்தான் முழு விசையையும் வாங்கும், நெட்டைத் தூண்கள் வளைந்து கொடுத்துவிடும். எனவே நெட்டைத் தூண்களுக்கிடையே இரண்டு திசையிலும் குறுக்குக் கம்பி கட்டாயம். இது பார்வைக்கு அழகில்லை என்று விட்டுவிட்ட வீடுகளில், உள்ளே ஒருவர் நடந்தால் மேசையில் டம்ளர் ஆடும். 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகக் கடந்தபோது கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு அதோடு போயிற்று. இலேசான வீட்டுக்குக் கீழே அழுத்தும் எடையைவிட மேலே தூக்கும் காற்றே பெரிய எதிரி. கூரைத் தகட்டிலிருந்து கைமரத்துக்கு, கைமரத்திலிருந்து சுவர்ச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கான்கிரீட்டுக்கு என்று பட்டையும் போல்ட்டும் இடையறாமல் தொடர வேண்டும். ஆணி மட்டும் போதாது. பெரிய தைலமரத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் அந்த மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது.

தூணுக்கு எது? 4 அங்குலச் சதுர இரும்பு ஹாலோ பைப், கால்வனைஸ் செய்தது, தரைக்கு மேல் ஒரு அடி எழுந்த கான்கிரீட் பீடத்தில் போல்ட் போட்டு நிறுத்தியது. யூகலிப்டஸ் கம்பத்தை நேராக மண்ணில் நட்டால் எவ்வளவு தார் பூசினாலும் தரைமட்டத்தில், காற்றும் ஈரமும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில், சில வருடத்தில் உளுத்துவிடும். மேலே கல் மாதிரி இருக்கும், அடியில் கத்தி இறங்கும்.

குறைகளும் உண்டு. தரைக்கு அடியில் குளிர்காற்று ஓடுவதால் ஜனவரி இரவில் பலகைத் தரை சில்லென்று இருக்கும். இரண்டு அடுக்குப் பலகை, நடுவே குளிரைத் தடுக்க 2 அங்குல ராக்வுல் பஞ்சு, அடியில் எலி புகாத கம்பி வலை, இதையெல்லாம் முதலிலேயே செய்ய வேண்டும். பிறகு படுத்துக்கொண்டு செய்வது கொடுமை. காட்டெருமை நடமாடும் இடத்தில் தூண் உரசும் கம்பமாகிவிடும், அதற்கும் இரும்பே மேல். காட்டுப்பன்றி முன்வரிசை அடியில் கிளறும், பீடத்தைச் சுற்றி இரண்டடிக்குக் கல் பதித்துவிடுங்கள்.

நடுவழி: இரண்டு படியாக

மண் சுவர்தான் வேண்டும், ஆனால் மலையை அவ்வளவு வெட்ட மனமில்லை என்பவர்களுக்கு இது. வீட்டின் பின்பாதி 6 அடி ஒரு மட்டத்தில், முன்பாதி 6 அடி அதைவிட 2 அடி கீழே. உள்ளே 8 அங்குலத்தில் மூன்று படி. வெட்டின் உயரம் பின்னால் 2.25 அடி, நடுவில் 2 அடி. தோண்டும் மண் சுமார் 4.7 யூனிட், அதாவது முழு வெட்டில் பாதி. பின்னால் 2.25 அடிக்குத் தேவையான கல் கட்டு சிறியது, சறுக்கினாலும் ஆபத்தில்லாதது. நடுப்படியின் சுவர் மட்டும் வீட்டுக்குள்ளேயே மண்ணைத் தாங்குகிறது. அங்கே ஈரம் கசியாமல் பின்பக்கம் ஜல்லியும் குழாயும் வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

இதில் இன்னொரு நன்மை, மண் வெளியே போக வேண்டியதில்லை. அஸ்திவார வானத்திலிருந்து வரும் செம்மண்ணும் சேர்ந்தால் சுவருக்கான மண் கல் அறுக்க அதுவே போதும். மேல்மட்டத்துக் கறுப்பு மண்ணைத் தனியாகக் குவித்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பிவிடுங்கள், புல் தானாக வரும். வீட்டுக்குள் படி இருப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒத்துவராது, அதையும் யோசிக்க வேண்டும்.

சுவர்

மண் சுவர் என்று இங்கே சொல்வது அழுத்திய மண் கல்லை. 230க்கு 190க்கு 100 மி.மீ. அளவில் செய்தால், கதவு ஜன்னல் போக இந்த வீட்டுக்கு ஏறக்குறைய 1,600 கல். ஆறு சதவீதம் சிமெண்ட் என்றால் ஒரு மூட்டைக்கு நூறு கல், ஆக 16 மூட்டையும் உடைசலுக்குக் கொஞ்சமும். சுவரின் எடை 15 டன். மரச் சட்டத்தில் பலகை அடித்த சுவர் என்றால் அதே அளவுக்கு 2 டன்தான். 15 டன்னைத் தூணில் ஏற்றப் பார்த்தால் கான்கிரீட் பீம், கம்பி என்று அது வேறு வீடாகிவிடும்.

மலைச் செம்மண்ணில் களி அதிகம். அப்படியே அடித்தால் கல் காயும்போது வெடிக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் தங்கும், அரை மணியில் வண்டல், மறுநாள் அதன்மேல் களி. களி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் எம்.சாண்டோ கிரஷர் தூசியோ கலக்க வேண்டும். எவ்வளவு என்பதை நாலைந்து விகிதத்தில் மாதிரிக் கல் போட்டு, காயவைத்து, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கரையாமல் விளிம்பு கூர்மையாக நிற்பது நல்ல கலவை. கீழ்நாட்டில் இரண்டு வாரத்தில் கெட்டியாகும் கல், 10, 12 டிகிரி இரவுகளில் மெதுவாகவே வலுப்பெறும். கோணிச் சாக்கு மூடி ஈரம் காத்து, 28 நாள் கொடுங்கள். கல் போடும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல்.

மண் சுவரைக் கெடுப்பது நேராக விழும் மழையைவிட, காற்றில் படுக்கையாக வரும் சாரலும் தரையில் பட்டுத் தெறிக்கும் துளியும்தான். அடியில் 1.5 அடி கருங்கல் பேஸ்மட்டம், மேலே 2.5 அடி இறவாரம். சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் பூச்சு வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துச் சில வருடத்தில் பத்தையாகக் கழன்று விழும், போகும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

மரத்தில் தேர்வு குறைவு. சில்வர் ஓக் தோட்டம் முழுக்க நிற்கிறது, விலையும் குறைவு, ஆனால் நனைந்தால் தாங்காது, வண்டு துளைக்கும். உள்பக்கப் பலகைக்குச் சரி. யூகலிப்டஸ் பலமானது, ஈரமரமாக அடித்தால் முறுக்கிக்கொண்டு ஆணியையே பிடுங்கும். அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்திய மரமே வேண்டும். உள்மரத்துக்கு 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து ஊறவைப்பது மலிவான பாதுகாப்பு. மழை பட்டால் இது கரைந்து போய்விடும், எனவே வெளிப்பலகைக்கு உதவாது. சொந்த நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. சோலை மரத்தில் கையே வைக்க வேண்டாம்.

எதில் குளிர் குறைவு என்று கேட்டால், அது நீங்கள் அங்கே எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. மண் சுவர் பகல் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தரும், தினமும் அடுப்பெரிந்து ஆள் இருக்கும் வீட்டுக்கு அருமை. மாதம் ஒரு வாரயிறுதி மட்டும் திறக்கும் வீட்டில் அதே சுவர் குளிர்ந்து கிடக்கும், ஞாயிறு கிளம்பும் நேரத்தில்தான் சூடேறத் தொடங்கும். மரவீடு அரை மணி நேரத்தில் கதகதக்கும், அடுப்பு அணைந்ததும் ஆறிவிடும். எதுவானாலும் பெரிய ஜன்னல் கிழக்கிலும் தெற்கிலும். பிற்பகல் மூடுபனியை நம்ப முடியாது, காலை வெயில்தான் நிச்சயம். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் உயிர்விட்ட சம்பவங்கள் கொடைக்கானலில் உண்டு. புகைக்குழாய் உள்ள இரும்பு விறகடுப்பு தவிர வேறெதுவும் வேண்டாம், குழாய் பலகையைக் கடக்கும் இடத்தில் நன்றாக இடைவெளி விட்டுத் தகடு வையுங்கள்.

கூரை

இறவாரம் சேர்த்தால் 17க்கு 24 அடி, 30 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 470 சதுர அடி. மங்களூர் ஓடு என்றால் 700, எடை 1.7 டன், நனைந்தால் இன்னும் கூடும். அரை மி.மீ. தகடு என்றால் 200 கிலோ சொச்சம். மண் சுவருக்கு ஓடு, தூண் வீட்டுக்குத் தகடு, இதில் பெரிய விவாதமே இல்லை. ஓட்டைக் குரங்கு பெயர்க்கும், கூட்டம் வரும் பகுதியில் ரீப்பரோடு கம்பி கட்டி இறுக்க வேண்டியிருக்கும். தகட்டின் உள்பக்கம் விடியற்காலையில் வேர்த்துச் சொட்டும், கீழே காற்றிடைவெளியும் மரச் சீலிங்கும் இருந்தால் சொட்டும் நிற்கும், மழைச் சத்தமும் குறையும். புல் கூரை அழகுதான். தோடர் குடில்களில் அது நிலைப்பதற்குக் காரணம் வளைந்த கூரையும், உள்ளே எரியும் நெருப்பும், முறைப்படி புதுப்பிக்கும் கைகளும். இது மூன்றும் இல்லாத வார இறுதி வீட்டில் பூஞ்சைதான் மிஞ்சும்.

எந்தக் கூரையானாலும் ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் அதிலிருந்து 3,800 லிட்டர் இறங்கும். தாழ்வாரக் குழாய் வைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோனால் கோடைக்குப் பாதித் தண்ணீர். விட்டுவிட்டால் அது முன்வரிசைத் தூணின் அடியைத்தான் அரிக்கும். தொட்டி நிறைந்து வழியும் நீரைக் கல் பாவிய ஓடையில், ஏற்கெனவே தண்ணீர் போகும் தடத்தில் விடுங்கள்.

எதைத் தேர்வது

சரிவு 1-க்கு 8-ஐவிடக் குறைவு என்றால் வெட்டினாலும் பாதகமில்லை, 17 அடி தளத்துக்கு வெட்டு இரண்டு அடிதான் வரும். மண் கல், ஓடு, கருங்கல் பேஸ்மட்டம் என்று நிம்மதியாகக் கட்டலாம். 1-க்கு 8 முதல் 1-க்கு 4 வரை, வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களுக்கு இரண்டு படி வீடு, வந்துபோகிறவர்களுக்குத் தூண். 1-க்கு 4-ஐத் தாண்டினால் தூண் மட்டுமே, பொறியாளர் கையெழுத்தோடு. 1-க்கு 2 என்றால் வீட்டை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், பத்து சென்ட்டில் இதைவிடத் தட்டையான மூலை ஒன்று இருக்கும். அது வண்டிப் பாதைக்குத் தூரமாக இருந்தால் மரச்சட்டத்துக்கு இன்னொரு காரணம் சேர்ந்தது, தலைச்சுமை கூலி எடையைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

ஈரத் தடம் குறுக்கே ஓடும் நிலத்தில் சரிவு எவ்வளவு குறைவானாலும் வெட்ட வேண்டாம்.

வரைபடம் போடும் முன்பே சர்வே எண்ணைக் கொண்டுபோய், நிலம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) எல்லைக்குள் வருகிறதா, காப்புக்காட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுங்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது, தூண் வீட்டில் அந்த 4.5 அடியும் இதில் சேரும் என்று வைத்தே வரையுங்கள். கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில், ஆனால் முன்வரிசைத் தூண்களிலிருந்து 20 அடியாவது தள்ளி. குழியில் ஊறும் நீர் தூணின் அடி மண்ணை நனைத்தால் மேலே செய்த கணக்கெல்லாம் மாறிவிடும்.